காஸி (2017 திரைப்படம்) – மதிப்பீடு

'காஸி', சங்கல்ப் ரெட்டி இயக்கத்தில் 2017 பிப்ரவரி 17 அன்று வெளியான போர்க்கால நீர்மூழ்கித் திரைப்படம். தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டு, தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டது. சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

பின்னணி

1971 போரில் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை அழிக்க வங்காள விரிகுடாவுக்கு வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. அதிலிருந்த 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் இருந்தது. ராஜ்புத் என்ற போர்க்கப்பல் வீசிய ஆழ்நீர் வெடிகுண்டுகளே காரணம் என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. உள்ளே நேர்ந்த வெடிப்பு அல்லது காஸியே விதைத்த கண்ணிவெடி என்பது பாகிஸ்தான் தரப்பு. படமோ இந்த வெற்றியை எஸ்-21 என்ற இந்திய நீர்மூழ்கிக்குக் கொடுக்கிறது.

சிறப்புகள்

மகனைப் பறிகொடுத்த கேப்டன் ரண்விஜய் சிங் (கே கே மேனன்) உத்தரவு வருமுன்னே தாக்கத் துடிக்கிறார். அவரைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர் அர்ஜுன் வர்மா (ராணா). இருவருக்கும் நடுவே தேவராஜ் (அதுல் குல்கர்னி). மூவர் பக்கமும் நியாயம் இருப்பதே முதற்பாதியின் பலம். மதியின் ஒளிப்பதிவு இரும்புச் சுவர்களின் நெருக்கத்தை உணர்த்துகிறது.

சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பார்வையாளருக்கு இப்பகுதி கூடுதலாக உறைக்கும். மருந்து கலக்கும் அறையில் வேலை பார்ப்பவருக்கு வெடிச்சத்தத்தைவிட, அதற்கு முந்தைய சிறு உராய்வே அச்சம். சோனார் ஒலிக்குக் காதுகொடுத்து மாலுமிகள் மூச்சடக்கி நிற்கும் காட்சிகளில் அந்த அச்சம் அப்படியே இருக்கிறது.

குறைகள்

ரண்விஜய் இறந்ததும் படத்தின் உண்மையான மோதல் முடிந்துவிடுகிறது. உத்தரவா, உள்ளுணர்வா என்ற கேள்வி விடையின்றி நழுவ, எஞ்சுவது துரத்தல் மட்டுமே. எதிரியைச் சீண்ட மாலுமிகள் தேசிய கீதம் பாடும் காட்சியில், அதுவரை காத்த மௌனத்தைப் படமே கலைத்துவிடுகிறது. அகதியாக வரும் டாப்ஸிக்குச் செய்ய ஏதுமில்லை. பாகிஸ்தான் கேப்டன் வெறும் கோபக்காரர். அவருடைய மாலுமிகளுக்கு முகமே இல்லை.

பெரிய குறை வரலாறு சார்ந்தது. கற்பனை என்ற அறிவிப்பு தொடக்கத்தில் வந்தாலும், உண்மைப் பெயரும் தேதியும் கொண்ட படத்தைப் பார்ப்பவர் மனதில் ராஜ்புத் இடம்பெறாது. எஸ்-21 தான் நிற்கும்.

மதிப்பீடு

இந்தியத் திரையில் அரிதான களத்தைச் சிக்கனமாகக் கையாண்ட படம் இது. வெடிப்புக்காகக் காத்திருக்கும்போது உயர்கிறது. வெடித்தபின் வழக்கமான போர்ப்படமாகிவிடுகிறது.