பொருளியல் ஆய்வும் அளவுகோலின் சார்பும்

பிரித்தானியாவில் 1986ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆராய்ச்சி மதிப்பீடு, பல்கலைக்கழகத் துறைகளைத் தரப்படுத்தி, அத்தரத்தை அரச நிதியுடன் பிணைத்தது. பொருளியலில் இதன் விளைவு யாது? 1989இல் ஆதர் டயமண்ட் வெளியிட்ட, 27 சஞ்சிகைகள் கொண்ட பட்டியலே மறைமுக அளவுகோலாயிற்று என்றும், மார்க்சியரும் பிற மாற்றுச் சிந்தனையாளரும் அதனால் ஒதுக்கப்பட்டனர் என்றும் பொருளியலாளர் பிரெடெரிக் லீ வாதிட்டார். பட்டியல் மதிப்பீட்டாளரின் மேசைமீது கிடந்ததா என்பது எமக்கு முக்கியமன்று. நியமனஞ் செய்வோர் மனத்தில் அது இருந்தாலே போதும். தரம் என்ற நடுநிலைச் சொல்லின் மறைவில் நிகழ்ந்தது கருத்தியற் களையெடுப்பே.

கேம்பிறிட்ஜின் பியரோ ஸ்ராபா, 1920களிற் கருக்கொண்ட தம் சிந்தனையை நூறு பக்கமளவான நூலாக 1960இலேதான் வெளியிட்டார். இடையில் றிக்காடோவின் ஆக்கங்களைப் பதிப்பித்தார். ஆளுக்கு நான்கு வெளியீடுகளை எதிர்பார்த்த 2008ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்கு, அத்தகையவரின் துறைத்தலைவர் எதனைச் சமர்ப்பித்திருப்பார்?