குறிகட்டுவான் படகு

நயினாதீவில் புதிதாகக் குடிபுகும் இளம் குடும்பத்துக்கு உண்மையான வீட்டுவாசல் குறிகட்டுவான் இறங்குதுறைதான். பால் காய்ச்சும் பானை, மெத்தை, காஸ் சிலிண்டர், பிள்ளையின் சைக்கிள் எல்லாம் அங்கேதான் படகேறுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று வரும் தெரு அத்துறையோடு முடிந்துவிடும்.

மிச்சம் கடல்.

படகு மரத்தால் ஆனது. படியிறங்கி உள்ளே போனால் இருக்கைகள், எஞ்சின் இரைச்சல், டீசல் மணம். பயணம் ஏறக்குறைய 20 நிமிடம். சன்னலோரம் கிடைத்த பிள்ளைக்கு அதுவே பெரிய உலா. ஆனியில் தீவிலுள்ள நாகபூசணி அம்மன் கோயிலின் 16 நாள் திருவிழா வந்தால் நிற்கவும் இடமிராது. அதே தீவின் நாகதீப விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகரும் இதே படகுகளில்தான். புதுக் குடித்தனக்காரர் ஊரோடு அறிமுகமாக, பந்தியில் அமர்ந்து சாப்பிடும் அமுதசுரபி அன்னதான மடத்தைவிட நல்ல இடம் ஏது?

ஆகஸ்ட் விடுமுறையில் வேலணையின் சாட்டிக் கடற்கரைக்குப் போகலாம். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானுக்கே திரும்பி வந்து வேறு படகு பிடித்து, ஒரு மணி நேரம் போகவேண்டும். பக்கத்துத் தீவுக்கு இப்படிச் சுற்றுவது வேடிக்கைதான். ஆனாலும் கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்குமரம், பவளக்கல் வேலிகள் அந்த அலைச்சலுக்குத் தகும்.

கச்சான் காற்றுக் காலத்தில் கடல் எழும்பும். குழந்தைகளோடு போகிறவர்கள் காலைப் படகையே பிடியுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணிவியுங்கள்.