படத்துக்கு முன்னால் வரும் பக்கம்

ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பாகும் வாரத்தில், நிகழ்ச்சி நிரல் இதழின் இரண்டு பக்கங்களை விரித்து அதற்கென்று ஒரு கட்டுரை போடுவார்கள். அதில் நம் கண்ணை முதலில் இழுக்கும் பெரிய படம், பல நேரங்களில் அந்த ஆவணப்படத்தில் இருப்பதே இல்லை. காரணம் எளிய கணக்குதான். ஹெச்.டி. தொலைக்காட்சியின் ஒரு காட்சிச் சட்டகம் 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்டது. வழவழப்பான தாளில் படம் தெளிவாக அச்சாக அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்தச் சட்டகம் 6.4 அங்குல அகலத்துக்குத்தான் தாங்கும். 4கே ஒளிப்பதிவுகூட 12.8 அங்குலத்தோடு நின்றுவிடும். விரித்த இரு பக்கங்களோ பதினாறு அங்குலத்தைத் தாண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் படம் மங்கும். எனவே லே-அவுட் செய்பவர் வேறு படம் தேடுகிறார். படப்பிடிப்புக்குப் போன புகைப்படக்காரர் தனியாக எடுத்தது கிடைக்கலாம். அல்லது, தொகுத்து வழங்குபவரை ஸ்டூடியோவில் நிறுத்தி, விளக்கு வைத்து எடுத்தது கிடைக்கலாம்.

இதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். ஆனாலும், நடந்ததை நடந்தபடி காட்டுகிறேன் என்று சொல்லும் ஒரு படைப்புக்கு நிற்கவைத்து எடுத்த படம் முகமாகிவிடுகிறது. படம் வெளிவரும் முன்பே, படம் எடுத்தவர்கள் கொடுத்த பொருளைக் கொண்டு, அந்தப் படத்துக்கு ஆள் சேர்க்கத் தயாராகும் பக்கம் இது. இந்த வடிவத்தின் வலிமை, பலவீனம் இரண்டுமே இந்த ஏற்பாட்டிலிருந்துதான் வருகின்றன.

இதைப் புரிந்துகொள்ள பிரிட்டனின் 'ரேடியோ டைம்ஸ்' இதழ் நல்ல உதாரணம். 1923-இல் அங்குள்ள நாளிதழ் அதிபர்கள், பிபிசியின் நிகழ்ச்சி நிரலைக் காசு வாங்காமல் அச்சிட மாட்டோம் என்று மல்லுக்கு நின்றார்கள். பிபிசியை நடத்திய ஜான் ரீத், அதற்குப் பதிலாகச் சொந்தமாகவே ஓர் இதழைத் தொடங்கினார். முதல் இதழ் அந்த ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி வந்தது. 1991 வரை பிபிசியின் வார நிரலுக்கு 'ரேடியோ டைம்ஸ்', போட்டித் தொலைக்காட்சியான ஐடிவியின் நிரலுக்கு 'டிவி டைம்ஸ்' என்று இரண்டையும் வாங்கினால்தான் முழு வாரமும் தெரியும். 1988 கிறிஸ்துமஸ் இதழ் 1.12 கோடிப் பிரதிகள் விற்றது. 2011-இல் பிபிசி தன் இதழ்ப் பிரிவை விற்றபோது இதுவும் கைமாறியது. அதுவரை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள், நிகழ்ச்சி தயாரித்த நிறுவனமே அந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதும் இதழுக்கும் உரிமையாளராக இருந்தது. இந்த இதழில் செய்தியாளரும் விளம்பரக்காரரும் பிறப்பிலேயே ஒரே வீட்டுக்காரர்கள்.

இருந்தும் இந்த வடிவத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அச்சுப் பக்கத்தால் மட்டுமே ஆகக்கூடிய சில காரியங்கள் உண்டு. 1964-இல் கிரானடா தொலைக்காட்சி 'செவன் அப்!' என்ற படத்தை எடுத்தது. ஏழு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேர்; அவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், காப்பகத்தில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள். முதல் படத்தில் ஆய்வாளராக வேலை பார்த்த மைக்கேல் ஆப்டெட், பிறகு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களிடமே திரும்பிப் போய், 2019-இல் '63 அப்' வரை எடுத்தார். இப்படி ஒரு தொடருக்கு முன்னோட்டக் கட்டுரை இல்லாமல் முடியாது. ஏழு ஆண்டு இடைவெளியில் யார் யார் என்பதே பார்ப்பவருக்கு மறந்துபோயிருக்கும். ஒரே மனிதரின் ஏழு வயது முகம், பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டு என்று ஒரு வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள். திரையில் இந்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும். தாளிலோ எல்லா வயதும் ஒரே நேரத்தில் நம் முன்னால் இருக்கும். கண் முன்னும் பின்னும் போய்வரும். எந்த வயதில் அந்தச் சிரிப்பு நின்றது என்று நாமே தேடிப் பார்க்கலாம். எழுத்தைவிட இங்கே வடிவமைப்பே சிந்திக்கிறது.

இதே தொடரில்தான் மறுபக்கமும் தெரிகிறது. '28 அப்' படத்தில் பிரதமர் தாட்சரின் அரசைக் குறைசொல்லிப் பேசிய ஒருவரைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டு தாக்கின. அவர் தொடரை விட்டே விலகினார். '56 அப்'-இல்தான் திரும்பி வந்தார். அந்த மனிதருக்கு நேர்ந்ததை வைத்து இதழ்க் கட்டுரையின் ஒரு வழக்கத்தை நினைத்துப் பார்க்கிறேன். பேட்டியிலிருந்து ஒரே ஒரு வரியைப் பிடுங்கி, மேற்கோள் குறி போட்டு, பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் வைக்கிறோம். புரட்டுகிறவரை நிறுத்த அது பயன்படும் என்பது உண்மை. ஆனால் ஆவணப்படத்தில் பேசுகிறவர் நடிகர் அல்ல. படம் முடிந்த மறுநாள் அதே தெருவில், அதே வேலைக்குப் போகிறவர். ஒரு மணி நேரப் படத்தில் அவருடைய கோபத்துக்கு முன்னும் பின்னும் அவருடைய வாழ்க்கை இருக்கிறது. பக்கத்தில் கோபம் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கிறது. எந்த வரியைப் பெரிதாக்குவது என்பதை எழுத்தின் அளவை முடிவுசெய்வதுபோல் போகிறபோக்கில் செய்யக்கூடாது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2011-இல் வந்த பிபிசியின் இயற்கைத் தொடர் 'ஃப்ரோசன் பிளானெட்'. டேவிட் அட்டன்பரோ விவரித்த அந்தத் தொடரில், பனிக்கரடி தன் குகைக்குள் குட்டி ஈன்ற காட்சி பார்த்தவர்களை உருக்கியது. அது ஆர்க்டிக் பனியில் எடுத்ததல்ல, நெதர்லாந்தின் ஒரு விலங்குக் காட்சிசாலையில் எடுத்தது என்ற செய்தி டிசம்பரில் பரவி, பெரிய விவாதமானது. இயற்கைச் சூழலில் உண்மையான குகைக்குள் கேமராவை வைத்திருந்தால் குட்டிகளுக்கோ ஒளிப்பதிவாளருக்கோ உயிராபத்து. காட்சிசாலையில் எடுத்ததைக் காட்சியின் நடுவே சொல்லியிருந்தால் அந்த உணர்வு கெட்டிருக்கும் என்பது அட்டன்பரோவின் பதில். எப்படி எடுத்தோம் என்பதை விளக்கும் காணொளி ஏற்கெனவே எங்கள் இணையதளத்தில் இருந்தது என்றது பிபிசி.

இந்த விளக்கங்களை நான் மதிக்கிறேன். விலங்கைத் துன்புறுத்தாமல் எடுத்தது சரி. கதையின் நடுவில் குறிப்பு சொன்னால் ஓட்டம் அறுபடும் என்பதும் சரி. அப்படியானால் அந்த உண்மையைச் சொல்லத் தகுந்த இடம் எது? படத்துக்கு முன்னால், வாசகர் நிதானமாக உட்கார்ந்து படிக்கும் பக்கம். அங்கே கெடுவதற்கு எந்தக் காட்சியின் உணர்வும் இல்லை. அந்த வாரம் எந்த இதழ் எதை எழுதியது என்ற கணக்குக்குள் நான் போகவில்லை. இந்த வடிவத்தால் என்ன முடியும் என்பதுதான் என் அக்கறை. இங்கே சொல்லத் தகுந்தது இன்னொன்றும் உண்டு: இயற்கைப் படங்களில் தொலைவிலிருந்து லென்ஸ் வழியாக எடுத்த காட்சிகளுக்கு, காலடி ஓசையும் இறகடிப்பும் பெரும்பாலும் பிறகு ஒலிக்கூடத்தில்தான் சேர்க்கப்படுகின்றன. துறைக்குள் இருப்பவர்களுக்கு இது சாதாரணச் செய்தி. வாசகருக்கும் அது சாதாரணமாகத் தெரிந்திருந்தால், பின்னாளில் யாரும் ஏமாந்ததாக உணர மாட்டார்கள்.

படம் எடுத்த கதைக்கு இந்தப் பக்கங்களில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. ஏராளமாகவே தருகிறார்கள். 2017-இல் வந்த 'ப்ளூ பிளானெட் 2' தொடரோடு சேர்ந்து வந்த எண்கள் இவை: நான்கு ஆண்டு உழைப்பு, 125 பயணங்கள், 39 நாடுகள், நீருக்கடியில் 6,000 மணி நேரம். பெட்டிச் செய்தியாகப் போட இதைவிட நல்ல சரக்கு இல்லை. அந்த உழைப்பும் உண்மையானது, போற்றத்தக்கது. ஆனால் கவனியுங்கள், பாடுபட்டது மட்டுமே பெட்டிக்குள் வருகிறது. குளிரில் காத்திருந்தது வரும், கூண்டருகே எடுத்தது வராது. கடலில் மூழ்கியது வரும், ஒலிக்கூடத்தில் சேர்த்தது வராது. இப்படிப் பொறுக்கித் தருவதுதான் இந்த வடிவத்தின் மிகப் பெரிய குறை என்பேன். ஒரு பொய்கூட இல்லாமலே பக்கம் முழுவதும் விளம்பரமாகிவிடுகிறது.

ஆள் சேர்க்கும் அவசரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2007 சாட்சி. எலிசபெத் அரசியைப் பற்றிய ஒரு பிபிசி ஆவணப்படத்துக்காகத் தயாரித்த முன்னோட்டத் துண்டில் காட்சிகளின் வரிசை மாறியிருந்தது. புகைப்பட அமர்வுக்கு அரசி நடந்துபோன காட்சி, அமர்விலிருந்து கோபத்தோடு வெளியேறியதுபோல் ஆகிவிட்டது. இதனால் பிபிசி ஒன் சேனலின் தலைவர் பீட்டர் ஃபின்ச்சம் அக்டோபரில் பதவி விலகினார். அப்போது ஆவணப்படம் ஒளிபரப்பாகியிருக்கவே இல்லை.

இந்தப் பக்கத்தைச் செய்வது ஒரு பாடமாகவும் இருந்தது: 2010-களில் பிரிட்டனின் மேல்நிலை ஊடகப் பாடத்தில் மாணவர்களுக்கு ஒரு செய்முறைப் பணி இருந்தது. ஓர் ஆவணப்படத்தின் ஐந்து நிமிடப் பகுதியை எடுத்து, அதற்கு வானொலி முன்னோட்டம், நாளிதழ் விளம்பரம், நிகழ்ச்சி நிரல் இதழுக்கான இரட்டைப் பக்கம் ஆகியவற்றில் இரண்டைச் செய்ய வேண்டியிருந்தது. நல்ல பயிற்சி இது. படத்தை மடிப்பில் விழாமல் வைப்பது, தலைப்பும் படக்குறிப்பும் ஒன்றையே இரண்டு முறை சொல்லாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதெல்லாம் செய்து பார்த்தால்தான் வரும். முடிவில், படமும் துணைப் பணிகளும் எவ்வளவு நன்றாகச் சேர்ந்து இயங்குகின்றன என்று மாணவர் எழுத வேண்டியிருந்தது. நிறம், எழுத்துரு, முகம் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். பக்கம் படத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதும் ஒரு தனிக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதழ் வடிவமைப்பவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். எந்தச் சேனல், எந்த நாள், எத்தனை மணி என்று பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எப்போதும் இருக்கும். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். இந்தப் பக்கத்திலுள்ள பெரிய படம் ஆவணப்படத்தில் வருகிறதா, எங்கே எடுத்தது, எந்தக் காட்சியைச் செயற்கைச் சூழலில் எடுத்தார்கள் என்று அதில் அச்சிடுங்கள்.