குண்டின் வேகத்தை அளந்தவர்கள்

கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் 1751-இல் காலமான பெஞ்சமின் ராபின்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த பொறியாளர். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பத்தக்க ஓர் எண்ணாக முதலில் சொன்னவரும் அவர்தான். கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, குண்டு பதிந்ததும் அது எவ்வளவு பின்வாங்குகிறது என்று அளந்து, நொடிக்கு 1,600 அடிக்கு மேல் என்று 1742-இல் எழுதினார். மூன்றே ஆண்டில் கணிதவியலாளர் ஆய்லர் அந்த நூலை ஜெர்மனில் பெயர்த்தார். அதே நூற்றாண்டில் மைசூர் அரசின் ராக்கெட் கலை வளர்ந்த இடங்களில் பெங்களூரின் தாராமண்டல்பேட்டையும் ஒன்று. இரும்புக் குழாயில் மருந்தை இறுக்கி அடைத்ததால் உள்ளழுத்தம் தாங்கியது, வீச்சு கூடியது. 1780-இல் பொள்ளிலூர்ப் போரில் கம்பெனிப் படை அதன் வலிமையைக் கண்டது. அந்த மரபைப் பெங்களூர் அறிவியலாளர் ரொத்தம் நரசிம்மா 1985-இல் விரிவாக ஆராய்ந்தார். மைசூர் ராக்கெட்டில் தரத்தின் அளவுகோல் தூரம். கூட்டமாக ஏவும்போது ஒன்றிரண்டு விலகினால் பாதகமில்லை. ஒரு ரைபிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு தோட்டாவும் முந்தியதைப் போலவே போக வேண்டும் என்று கேட்பது ராபின்ஸின் மரபு.

அந்த மரபு பின்னர் பல கருவிகளாகக் கிளைத்தது. 1860-களில் பெல்ஜிய நாட்டு பூலஞ்சே அமைத்த கருவியில் குண்டு முதல் கம்பியை அறுத்ததும் ஒரு கோல் விழத் தொடங்கும். இரண்டாம் கம்பி அறுந்ததும் ஒரு கத்தி விடுபட்டு, விழுந்துகொண்டிருக்கும் கோலில் கீறும். கீறல் விழுந்த இடமே கணக்கு. பிறகு குண்டின் நிழலைப் பிடிக்கும் ஒளித்திரைகள், குழலில் கட்டும் காந்த உணரி, இன்று மேசையில் வைக்கும் டாப்ளர் ரேடார் என்று வந்துவிட்டன. ஊசலில் பதிந்த குண்டுகளால் கட்டையின் எடை கூடிக்கொண்டே போனதைத் தொடக்ககால ஆய்வாளர்களே கணக்கில் கொண்டார்கள். கருவியையே முதலில் ஐயுறும் இந்த ஒழுக்கம்தான் மரபின் உயிர் என்பேன். தங்கள் தோட்டாவைத் தாங்களே கையால் கட்டுவோர் பலர் இன்று அதைக் கைவிட்டிருக்கிறார்கள். வேக எண்கள் சிதறியதும் அவர்கள் கை நேராக மருந்துத் தராசுக்குப் போகிறது.

ஒளித்திரைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே 60 செ.மீ.; நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் குண்டு அதைக் கடக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் முக்கால் பங்கே ஆகும். மேகம் விலகி வெயில் பக்கவாட்டில் அடிக்க, ஓர் உணரி குண்டை 6 மி.மீ. முன்னதாகக் கண்டுகொண்டால் ஒரு சதவீதம் போயிற்று. கருவி காட்டும் எண்ணில் நொடிக்கு 8 மீட்டர் வேறுபாடு தெரியும். தோட்டாவில் ஒரு குறையும் இராது. குழல்வாய்க்கு மிக அருகே வைத்த திரையை மருந்தின் காற்றடியே தூண்டிவிடும். கோளாறு கருவியிலா தோட்டாவிலா என்று தீர்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. இரண்டு வேகமானிகளை ஒரே கோட்டில் வைத்து ஒரே குண்டை இரண்டின் வழியாகவும் செலுத்துங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் கோளாறு பெரும்பாலும் தோட்டாவில். ஒன்று ஏற மற்றது இறங்கினால் கருவியில்.

அடுத்தது எண்ணிக்கை. ஐந்து தோட்டா சுட்டு, திட்ட விலக்கம் நொடிக்கு 5 மீட்டர் என்று வந்தால், உண்மையான விலக்கம் 3 முதல் 14 வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். இருபது சுட்டால் அது ஏறத்தாழ 4-க்கும் 7-க்கும் இடையே நெருங்கிவிடும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைப் பெருமையாகச் சொல்பவர்கள், சுடச்சுட அது விரியத்தான் செய்யும் என்பதைச் சொல்வதில்லை. மூன்று தோட்டாவில் கிடைத்த சிறிய இடைவெளி ஒரு தற்செயல்.

இவை இரண்டும் தெளிந்த பிறகே தோட்டாவைப் பிரிக்க வேண்டும். மருந்தின் எடை, கூட்டின் உட்கொள்ளளவு, கழுத்து குண்டைப் பற்றும் இறுக்கம், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அமர்ந்த ஆழம் ஆகிய எல்லாமே வேகத்தை மாற்றும். கூடு நிறையாமல் மருந்து ஒருபக்கம் சரிந்து கிடந்தால் எரியும் விதமே வேறு. வெப்பநிலையைப் பலர் மறக்கிறார்கள். சாதாரண மருந்தில் ஒரு டிகிரிக்கு அரை மீட்டர் வேகம் மாறுவது வழக்கமே. 900 மீட்டர் உயரத்தில் இதமாக இருக்கும் பெங்களூரில் எழுதிய எண், மே மாத டெல்லியில் செல்லாது. மருந்தும் தொகுதிக்குத் தொகுதி மாறும்: குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய கார்டைட் ஆலை போன்ற மருந்தாலைகளின் உலகில், தொகுதிக்குத் தொகுதி சோதிக்காமல் சரக்கை அனுப்புவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இலக்கு அட்டையே போதும், கருவி எதற்கு என்பார்கள். 100 மீட்டரில் 10 மீட்டர் வேக வேறுபாடு குண்டை 2 மி.மீ. அளவுக்கே ஏற்றி இறக்கும். அட்டையில் அது கண்ணுக்குத் தெரியாது. 600 மீட்டரில் அதே வேறுபாடு 10 செ.மீ.-ஐத் தாண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும், இங்கே பெரும்பாலோர் ஆலைத் தோட்டாவையே சுடுகிறார்கள், அவர்களுக்கு இது எதற்கு என்பது இன்னொரு வாதம். ஆலைத் தோட்டாவும் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது. போட்டி வீரர்கள் .22 தோட்டாவைத் தொகுதி எண் பார்த்துச் சோதித்து வாங்குவது அதனால்தான். கொஞ்சம் நியாயமுள்ள மறுப்பு ஒன்றுதான்: இருபது தோட்டாவும் குழலின் ஆயுளும் விலை உள்ளவை. ஆனால் இருபதையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. நான்கு பயிற்சி நாள்களில் ஐந்தைந்தாகச் சுட்டு, தொகுதி எண்ணும் வெப்பநிலையும் திரையின் தூரமும் எழுதி வைத்து, அன்றன்றைய சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியது என்பதை மட்டும் ஒன்றுசேர்த்தால், ஒரு நாளின் வெயிலும் மறுநாளின் குளிரும் கணக்கைக் கெடுக்காது.