நூறு வாட்டை நாற்பது வாட் மிஞ்சும் இடம்

100 வாட் குண்டு பல்பு ஒன்று, 40 வாட் குண்டு பல்பு ஒன்று. வழக்கம்போல் தனித்தனி ஹோல்டரில் மாட்டினால் 100 வாட்தான் பளிச்சென்று எரியும். அதே இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் நிலைமை தலைகீழ். 40 வாட் எரியும். 100 வாட்டின் இழை லேசாகச் சிவந்தாலே பெரிது. மின்சுற்றை ரசிக்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யவைத்து, இந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட்டுவிடுகிறோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பார்க்கும்போது ஒரே கேள்வியை மனதில் வையுங்கள்: இரண்டுக்கும் இங்கே பொதுவாக இருப்பது எது?

தனித்தனி ஹோல்டரில் மாட்டுவது பக்க இணைப்பு; அதில் மின்னழுத்தம் பொது. இரண்டு பல்புக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது. எரியும்போது 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம். 40 வாட்டுக்குச் சுமார் 1,322 ஓம். வாட் குறைந்த பல்புக்குத்தான் தடை அதிகம் என்பதைக் கவனியுங்கள். தடை குறைந்தது அதிகக் கரன்ட் இழுக்கிறது, நன்றாக எரிகிறது.

தொடரிணைப்பில் மின்னோட்டம் பொது. ஒரே வழி என்பதால் ஒன்றில் ஓடும் அதே 0.12 ஆம்பியர்தான் மற்றதிலும் ஓடியாக வேண்டும். இப்போது மின்னழுத்தம் பங்காகிறது: 40 வாட் பல்புக்கு 164 வோல்ட், 100 வாட் பல்புக்கு 66 வோல்ட். உண்மையில் வித்தியாசம் இந்தக் கணக்கைவிடவும் பெரிதாக இருக்கும். டங்ஸ்டன் இழை சூடு குறையக் குறையத் தடையையும் இழக்கும். முழுக்க ஆறிய இழைக்கு, எரியும்போது இருந்த தடையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 100 வாட் பல்பு சரியாகச் சூடாகாததால் அதன் தடை இறங்குகிறது. தடை இறங்கியதால் அதன் பங்கு வோல்ட்டும் இறங்குகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வயர்மேன்கள் இதை அன்றாடம் கையாளுகிறார்கள். பழுதான மிக்சியை ஒரு குண்டு பல்போடு தொடரில் கொடுப்பார்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. மங்கலாக எரிந்தால் காயிலில் மின்தடை இருக்கிறது என்று அர்த்தம். இந்த சீரீஸ் லேம்ப்பின் வெளிச்சமே அவர்களுக்கு மீட்டர்.

கோயில் திருவிழாவில் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசை முழுக்க இருண்டுவிடுவதும் தொடரிணைப்பால்தான். வீட்டில் ஃபேனை அணைத்தாலும் விளக்கு எரிவது பக்க இணைப்பால்.

இனி ரெசிஸ்டருக்கு வாருங்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டைகள், ஓரத்தில் தங்கப் பட்டை: 1,000 ஓம், ஐந்து சதவீதம் முன்னே பின்னே. இரண்டைத் தொடரில் வைத்தால் 2,000. பக்கத்தில் வைத்தால் 500. 1,000 ஓமுக்குப் பக்கத்தில் பத்து லட்சம் ஓமை வைத்தாலும் மொத்தம் கூடாது, 999 ஆகக் குறையும். அது எவ்வளவு பெரிய தடையானாலும், கரன்ட்டுக்கு இன்னொரு வழி திறந்துவிட்டதே!

இவற்றை வைத்து ஓர் ஏணி கட்டுங்கள். முதலில் இரண்டு தொடரில்: 2,000. அந்த ஜோடிக்குப் பக்க இணைப்பாக ஒன்று, பிறகு தொடரில் ஒன்று: 1,667. மறுபடி பக்கத்தில் ஒன்று, தொடரில் ஒன்று: 1,625. மறுபடியும்: 1,619. பத்தாவது ரெசிஸ்டரோடு 1,618. அதற்குமேல் எத்தனை படி சேர்த்தாலும் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். ஆயிரத்தால் வகுத்தால் 1.618, கணிதத்தில் பேர்போன பொன் விகிதம். படிகளைப் பின்னமாக எழுதினால் 2/1, 5/3, 13/8, 34/21 என்று ஃபிபொனாச்சி எண்கள் வரிசையாக வரும். தொடரும் பக்கமுமாக மாற்றி மாற்றி வைத்ததைத் தவிர நாம் எதுவும் செய்யவில்லை. ரெசிஸ்டர்களின் ஐந்து சதவீத வித்தியாசத்தால் மீட்டரில் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் மாறலாம்; இறங்கி வந்து ஓரிடத்தில் நிலைப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

பல்பு சோதனையை நீங்களே செய்ய வேண்டாம். தெரிந்த வயர்மேனைச் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். ஏணிக்கு வீட்டு மின்சாரமே தேவையில்லை. 1,000 ஓம் ரெசிஸ்டர் பத்து, ஒரு பிரெட்போர்டு, ஒரு மல்டிமீட்டர் போதும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், அளக்கும் வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள்.