‘லூக் ஈசான்’ புதினத்தில் உணவும் கலையும்

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். வடகிழக்குத் திசையைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்த பெயர் அது. வீட்டின் ஈசானிய மூலையை அறிந்த தமிழர்க்குச் சொல் புதிதன்று, அம்மண்ணின் வாழ்க்கையே புதிது. அவ்வாழ்க்கையைக் கம்பூன் பூன்தவி (1928–2003) ‘லூக் ஈசான்’, அஃதாவது ‘ஈசானின் பிள்ளை’, என்னும் புதினத்தில் தீட்டிக் காட்டியுள்ளார். 1976 இல் நூலாக வெளிவந்த இப்படைப்பு, 1979 இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது தாய்லாந்தின் சார்பில் அவ்விருதைப் பெற்றது. சிங்கப்பூர்த் தமிழெழுத்தாளர் மா. இளங்கண்ணன் 1982 இல் பெற்றதும் அதே விருதுதான்.

கதை என்று எடுத்துச் சொல்லத்தக்கது மிகச் சிறிதே. ஏறத்தாழ 1930களில், மழை பொய்த்த ஒரு சிற்றூர். சில குடும்பங்கள் ஊரைவிட்டு வேறிடம் நாடிச் செல்கின்றன. கூன் என்னும் சிறுவனின் குடும்பம் செல்லவில்லை. அது தன் மண்ணிலேயே உணவு தேடுகிறது. பின்னர் மாட்டு வண்டியில் சி ஆற்றுக்குப் பயணம் செய்து மீன் பிடிக்கிறது. சூழ்ச்சிக்காரன் ஒருவனும் இல்லை. திடுக்கிட வைக்கும் திருப்பமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வேட்டையும் சமையலும் உண்ணலுமே நிகழக் காணும் மாணவன், ‘இது புதினமா, சமையற் குறிப்பா?’ என்று வினவக்கூடும். வினா நியாயமானதே.

அதற்குரிய விடை, உணவு இந்நூலில் எவ்விடத்தில் நிற்கிறது என்பதில் அடங்கியுள்ளது. செல்வர் வீட்டு விருந்தை வருணிப்பது எளிது. பசித்தவன் உணவைத் தேடும் வழியை வருணிப்பது அரிது. எந்தப் புதரில் ஓணான் இருக்கும், எந்த வேளையில் சில்வண்டு கிடைக்கும் என்று அறிந்தவனுக்கே அங்கு அன்றைய சோறு உண்டு. பசி அங்கே கண்ணைக் கூர்மையாக்குகிறது. அச்சிறுவன் கற்கும் முதற்கலை உற்றுநோக்கல். எழுத்தாளனுக்கு வேண்டிய முதற்கலையும் அதுவே. ஈசானை விட்டு நெடுந்தொலைவு சென்று, ஆசிரியராகவும் சிறைக்காவலராகவும் பணிசெய்தபின் எழுதிய கம்பூனுக்கு, இளமையில் உணவு தேடிப் பழகிய கண்ணே எழுத்துக்கும் உதவிற்று எனலாம்.

இங்கே மானம் பற்றிய ஒரு செய்தியும் உண்டு. பாங்காக்கில் கூலிவேலைக்கு வந்த ஈசான் மக்கள், பூச்சி தின்பவர்கள் என்று நகரத்தாரால் எள்ளப்பட்டவர்கள். கம்பூன் அவ்வுணவை மறைக்கவில்லை. அதற்காக மன்னிப்பும் கோரவில்லை. இரக்கம் தேடி அழவும் இல்லை. சாணவண்டு உண்பதை, நெல் அறுப்பதைச் சொல்லும் அதே அமைதியான குரலில் சொல்கிறார். முகஞ்சுளிக்கும் தமிழ் வாசகர் புறநானூற்றை ஒருமுறை புரட்டுதல் நன்று. பாரியின் நாட்டை நினைந்து கபிலர் பாடிய பாட்டொன்றில், புற்றிலிருந்து எழும் ஈசல், புளித்த உணவாகச் சிறப்பிடம் பெறுகிறது. அதனைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் எவரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.

ஆற்றுப் பயணமே நூலின் வளமான பகுதி. பிடித்த மீன் அன்றே உண்பதற்கு மட்டுமன்று. வரப்போகும் வறண்ட மாதங்களுக்கும் வேண்டும். மீனோடு உப்பும் அரிசித் தவிடோ வறுத்த அரிசிமாவோ சேர்த்துச் சாடியில் அடைத்துப் பல மாதம் புளிக்கவிடுவது ஈசான் வழக்கம். ப்ளா ரா எனப்படும் அது, வட மலேசியாவில் நன்னீர் மீனைக் கொண்டு செய்யும் பெக்காசத்துக்கு உறவு. புளுட் என்று இங்கே வழங்கும் பசையரிசிச் சோற்றைக் கையால் உருட்டி, அதில் தொட்டு உண்பர். புதிய மீனைவிட இந்தப் பழைய மீன் சுவைமிக்கது. கம்பூனின் கலையும் ஏறத்தாழ இவ்வாறு பதப்பட்டதே: நிகழ்ந்தவுடன் எழுதியதன்று, நினைவில் நாற்பதாண்டு ஊறியது.

குறை இல்லாமலில்லை. வழக்கம் ஒன்று வந்ததும் சிறுவன் கேட்பதும், பெரியவர் விளக்குவதும், கதை நின்றுவிடுவதும் பன்முறை நிகழ்கின்றன. வெளியூர் வாசகரை ஆசிரியர் அளவுக்கு மீறி நினைத்துக்கொண்ட இடங்கள் அவை. தந்தையும் பொறுமையே உருவானவராக வந்து போகிறார். பசித்த வீட்டில் ஒரு நாளேனும் அவர் சினந்து வைதிருக்கலாமே என்று தோன்றுகிறது. தாயின் கவலையில் இருக்கும் உயிர்த்துடிப்பு அவரிடம் குறைவு.

சூசன் கெப்னரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1988 இல் வந்தது. வகுப்பில் இதைப் படிக்கும் மாணவர்கள் ஓணான் வேட்டையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த சில பக்கங்களில், பிடித்ததைக் கொண்டு வீடு திரும்பும் சிறுவனைத் தாய் எதிர்கொள்ளும்போது அச்சிரிப்பு தானே அடங்கும்.