எலெக்ட்ரிக் ஆயில் பம்ப்: பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரைப் பார்த்து வாங்காதீர்கள்

எலெக்ட்ரிக் ஆயில் பம்ப் தேடி வருபவர்கள் முதலில் கேட்பது, 'நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?' என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். எந்த ஆயில், எவ்வளவு சூடு, எங்கிருந்து உறிஞ்ச வேண்டும், பம்ப் நின்றுபோனால் எது முதலில் போகும்? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் லிட்டர் கணக்கு தானாக வந்து நிற்கும். கியர் வகை, டயாஃப்ரம் வகை, பெயர் தெரியாத மலிவு ரகம் ஆகிய மூன்றையும் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் ஓட்டினோம். அதில் தேறியதை ஒரு இ46 பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் டிஃபரன்ஷியலுக்கு மாட்டி, இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் சோதித்தோம்.

வேலை எது?

பெர்ஃபாமன்ஸ் கார்களில் இந்தப் பம்புக்கு உருப்படியான வேலைகள் இரண்டு. ஒன்று, டிஃபரன்ஷியல் அல்லது கியர்பாக்ஸ் ஆயிலைக் கூலர் வழியாகச் சுற்ற வைப்பது. இன்னொன்று, தாழ்வாகப் பொருத்திய டர்போவில் தேங்கும் ஆயிலை இழுத்து சம்ப்புக்குத் திருப்பி அனுப்புவது.

இன்ஜினின் மெயின் ஆயில் பம்பையே கழற்றிவிட்டு எலெக்ட்ரிக்கில் ஓட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கணக்குப் போட்டால் ஆசை அடங்கிவிடும். 5 பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 40 லிட்டர் தள்ள, ஆயிலுக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி மட்டும் சுமார் 330 வாட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதியை விழுங்கும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 660 வாட் இழுக்கும், 13.5 வோல்ட்டில் கிட்டத்தட்ட 50 ஆம்பியர். அதுவும் ஒரு ஃபியூஸ் போனால் இன்ஜினே போச்சு என்ற நிலையில். டிஃபரன்ஷியல் கூலருக்கோ 1.5 பாரில் 8 லிட்டர் தாராளம். அதே கணக்கில் 3 ஆம்பியர்தான் வரும்.

வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பிரஷர் விழுகிறது என்றால் அதற்கும் இந்தப் பம்ப் மருந்தாகாது. தடுப்புகள் வைத்த சம்ப்போ, கேன்டன் கம்பெனியின் அக்யுசம்ப் மாதிரி பிரஷரில் ஆயிலைச் சேமித்து வைக்கும் சிலிண்டரோதான் சரி. 2005-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5-ன் வி10 இன்ஜினில் இரண்டு எலெக்ட்ரிக் பம்புகள் இருந்தன, உண்மைதான். ஆனால் பக்கவாட்டு விசை 0.6 ஜி-யைத் தாண்டும்போது சிலிண்டர் ஹெட்டில் ஒதுங்கும் ஆயிலை சம்ப்புக்குத் திருப்புவது மட்டுமே அவற்றின் வேலை. பேரிங்குகளுக்குப் பிரஷர் கொடுத்தது வழக்கமான மெக்கானிக்கல் பம்ப்தான்.

பெஞ்சில் பார்த்தது

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் பெரும்பாலும் தண்ணீரையோ மெல்லிய, சூடான ஆயிலையோ வைத்து அளந்தது. 75டபிள்யூ-90 கியர் ஆயிலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் ஏறத்தாழ 100 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் 15-ஐ ஒட்டி. தண்ணீருக்கு 1. காலையில் எடுத்த ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறங்கும். அதையே சூடாக்கினால் சமையல் எண்ணெய் போல ஓடும். இரண்டையும் ஒரே பம்ப் சமாளித்தாக வேண்டும்.

கியர் பம்பைக் குளிர்ந்த ஆயிலில் போட்டதும் மோட்டாரின் குரல் சட்டென்று இறங்கியது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் எகிறி, ஆயில் சூடேற ஏறத்தான் சமநிலைக்கு வந்தது. சூடான பிறகு சீராக, துடிப்பில்லாமல் ஓடியது. அளவில் சிறியது, அடைத்து வைக்க எளிது. குறை என்னவென்றால், இரண்டு பற்சக்கரங்களுக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில்தான் இதன் உயிர் இருக்கிறது. டிஃபரன்ஷியல் ஆயிலில் மிதக்கும் இரும்புப் பொடி அங்கே கீறல் போட்டால், சூடான ஆயிலைத் தள்ளும் வலு முதலில் குறையும். பம்ப் ஓடும் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

டயாஃப்ரம் பம்ப் 'டக டக' என்று அடித்துக்கொண்டே ஓடுகிறது. உள்ளே சவுண்ட் டெட்னிங் எல்லாம் பிடுங்கிப்போட்ட டிராக் காரில் பொருட்டில்லை. தினமும் ஆபீஸ் போகும் காரில் எரிச்சல் வரும். ஆனால் காலி ஹோஸிலிருந்தும் தானாகவே ஆயிலை இழுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் வறண்டு ஓடினாலும், சின்னப் பொடிகள் வந்தாலும் தாங்குகிறது. இதில் கேட்க வேண்டிய கேள்வி ரப்பர் எது என்பதுதான். நைட்ரைல் ரப்பர் 100 முதல் 120 டிகிரியிலேயே திணறத் தொடங்கும். வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். டில்டன் கம்பெனி இரண்டு ரகங்களிலும் பம்ப் தருகிறது. டிராக் காருக்கு வைட்டானைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். கியர் வகையில் பழகிய பெயர் இங்கிலாந்தின் மோக்கல்.

மூன்றாவது, ஆன்லைனில் கிடைக்கும், டீசல் மாற்றுவதற்கென்று செய்த மலிவு பம்ப். குளிர்ந்த ஆயிலில் முனகியது. சூடான ஆயில் ஏறியதும் ஷாஃப்ட் சீல் ஓரத்தில் ஈரம் தெரிந்தது, பிறகு சொட்டத் தொடங்கியது. காருக்கு ஏற்றும் முன்பே ஓரம் கட்டிவிட்டோம்.

காரில் மாட்டியபோது

இ46-ன் டிஃபரன்ஷியலில் இருப்பது ஒரு லிட்டரை ஒட்டிய ஆயில். நிமிஷத்துக்கு 15 லிட்டர் தள்ளும் பம்பைப் போட்டால் உள்ளே இருப்பதை நொடிகளில் உறிஞ்சிவிடும். கூலரிலிருந்து திரும்பி வரும் வரை கிரவுன் வீல் காய்ந்து சுற்றும். பெரிய பம்ப் கெடுதல் செய்யும் இடம் இதுதான். 4 முதல் 8 லிட்டர் போதும். கூலரும் ஹோஸ்களும் நிரம்பத் தனியாக ஆயில் பிடிக்கும் என்பதால், முதல் முறை ஓட்டி நிறுத்தியதும் லெவல் பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும்.

டயாஃப்ரம் பம்பைத்தான் காருக்குத் தேர்ந்தெடுத்தோம். கிளட்ச் வகை எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப்) உள்ள டிஃபரன்ஷியலில் பொடி வராமல் இருக்காது என்பதே காரணம். பம்பை முடிந்தவரை ஆயில் லெவலுக்குக் கீழே வையுங்கள். உறிஞ்சும் ஹோஸ் குட்டையாக, உள்விட்டம் அரை இஞ்சுக்குக் குறையாமல் இருக்கட்டும். பம்புக்கு முன்னால் கண்ணி பெரிதான வலை ஃபில்டர் போதும். நுண்ணிய ஃபில்டரை அங்கே வைத்தால் குளிர்ந்த ஆயில் வராமல் பம்ப் வெறுமனே இழுத்துத் தவிக்கும்.

பம்பை நேரடியாக இக்னிஷனில் கொடுக்காமல், 90 டிகிரியை ஒட்டி ஆன் ஆகும் தெர்மல் ஸ்விட்சோடு ரிலே வழியாகக் கொடுத்தோம். கெட்டியான ஆயிலோடு மல்லுக்கட்டும் வேலை மோட்டாருக்கு இல்லாமல் போனது. 3.7 கிலோமீட்டர் சுற்றுள்ள இருங்காட்டுக்கோட்டையில், சென்னை வெயிலில் தொடர்ந்து லேப் அடிக்கும்போது டிஃபரன்ஷியல் சூட்டு முள் ஏறி ஓர் இடத்தில் நின்றது. பம்பை அணைத்துவிட்டு ஓட்டினால் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. சிட்டிக்குள் ஓட்டும்போது பம்ப் எழுந்துகொள்ளவே இல்லை. சாலையில் மட்டும் ஓடும் காருக்கு இது தேவையே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

டர்போ என்றால் கதை வேறு

டர்போவிலிருந்து ஆயில் வெளியேறுவது வெறும் புவிஈர்ப்பால். அதன் சீல்கள் பிஸ்டன் ரிங் மாதிரி. பிரஷரைத் தாங்கும் ரப்பர் சீல் கிடையாது. எஸ்டிஎஸ் கம்பெனியின் டர்போ கிட் போல சைலன்ஸர் இருக்கும் இடத்தில் டர்போவை வைத்தால், டர்போ சம்ப்பைவிடத் தாழ்ந்து போகிறது. இழுத்து அனுப்பப் பம்ப் கட்டாயம். அது நின்றால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் இறங்கும். நீலப்புகை வர அதிக நேரம் பிடிக்காது.

வெளியே வரும் ஆயில் பாதி நுரை என்பதால், உள்ளே போகும் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் பம்ப் வேண்டும். உள்ளே போவதையும் அளவோடு வையுங்கள்: பால் பேரிங் டர்போவுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டரை காரெட் பரிந்துரைக்கிறது. டர்போவுக்கு அடியில் சின்னச் சேகரிப்புத் தொட்டி வைத்தால் பம்ப் காற்றை மட்டும் குடிப்பது குறையும். இன்ஜின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பம்ப் ஓட டைமர் போடுங்கள். தொட்டியில் ஆயில் ஏறினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும்படி லெவல் ஸ்விட்ச் அவசியம். டிஃபரன்ஷியல் பம்ப் செத்தால் சூட்டு முள் ஏறி முன்கூட்டியே சொல்லிவிடும். டர்போ பம்ப் அந்த அவகாசம் தராது.

எதை வாங்கலாம்?

டிராக் காரின் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ்: வைட்டான் போட்ட டயாஃப்ரம் பம்ப், வலை ஃபில்டர், தெர்மல் ஸ்விட்ச். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாழ்வான டர்போ: தொடர்ந்து ஓடுவதற்கென்றே செய்த, சூடு தாங்கும் கியர் பம்ப். வலை ஃபில்டர், தொட்டி, டைமர், எச்சரிக்கை விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். அவற்றுக்குப் பணம் போதாதென்றால் டர்போவை மேலே தூக்கி வைக்கும் மேனிஃபோல்டுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

வளைவில் பிரஷர் விழும் இன்ஜின்: பம்ப் வேண்டாம், சம்ப்பைச் சரி செய்யுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை மூன்று: தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம், எத்தனை டிகிரி ஆயில் வரை தாங்கும், சீலும் டயாஃப்ரமும் தனியாக ஸ்பேர் கிடைக்குமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத பம்ப், எத்தனை லிட்டர் தள்ளினாலும் காரில் ஏறத் தகுதியில்லாதது.